ஆறாவது கட்டம்

மே 3

கண்ணு பம்பரம்,

அட அதை ஏன்டி கேக்குற, வெயிலுக்கு ஒதுங்கலாம்னு நூலகத்துக்குள்ள நுழைஞ்சவ, ஆறு கட்டம் போட்ட அட்டையோட வெளிய வந்து நிக்கிறேன். உங்க மாமா அதைப் பாத்துட்டு, "என்னடி, ஆஸ்பத்திரியில எதுவும் எழுதிக் குடுத்துட்டாங்களா?"ன்னு பயந்துட்டார்.

பாரு, நலம் விசாரிக்காமலே ஆரம்பிச்சுட்டேன். நல்லா இருக்கியா? முதுகு வலி எப்படி இருக்கு? நாள் முழுக்க உக்காந்து ஓட்டுற பொழப்பு, வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் ஒத்தடம் குடு. இங்க ஆண்டவன் புண்ணியத்துல ரெண்டு பேரும் சுகம். மாமாவுக்குக் காதுதான் கொஞ்சம் மந்தம். அதுவும் நான் கூப்பிட்டா மட்டும்.

விஷயத்துக்கு வர்றேன். வருஷா வருஷம் லீவுல பிள்ளைங்களுக்கு வாசிப்புச் சவால்னு ஒண்ணு நடத்துவாங்க இல்ல, இந்த வருஷம் பெரியவங்களுக்கும் வச்சிருக்காங்க. நான் பாட்டுக்கு மின்விசிறிக்குக் கீழ உக்காந்து சாமி பேரைச் சொல்லிக்கிட்டு இருந்தேன். நூலகத்தம்மா வந்து, "சும்மாதானே இருக்கீங்க, சேருங்களேன்"ன்னுச்சு. "தாயி, நான் ஊர்ப் பள்ளிக்கூடத்துல எட்டாவதோட நின்னவ"ன்னேன். "எட்டாவதுக்கு அப்புறம் எழுத்து என்ன மாறவா போகுது?"ன்னு கேட்டுச்சு. எனக்கு ரோசம் வந்துருச்சு. கையெழுத்துப் போட்டுட்டேன்.

ஆறு கட்டம், ஆறு புத்தகம். கடல் வர்ற கதை ஒண்ணு, துப்பறியிறது ஒண்ணு, சிரிக்க வைக்கிறது ஒண்ணு, என்னை விட வயசான புத்தகம் ஒண்ணு. அஞ்சாவது கட்டத்துக்கு நான் படிக்க வேண்டாம், என் ஜோடி படிச்ச கதையைச் சொல்லி நான் கேக்கணும். ஆறாவது, ஏதாவது ஒரு பயணத்துல படிக்கணும். அங்கதான் இடிக்குது. எனக்குத்தான் வண்டியில ஏறுனா கண்ணு தானா மூடிக்குமே, இறங்குற வரைக்கும் உதடு சாமி பேரை விடாதே. கண்ணை மூடிக்கிட்டு எங்க படிக்கிறது? சரி, அதைக் கடைசியில பாத்துக்கலாம்.

ஜோடின்னேன் இல்ல, அது நீதான். போன்ல பேசுனா செல்லாதாம், கையால கடிதம் எழுதணுமாம். கவரைக் காட்டுனா முத்திரை குத்துவாங்க. ஜோடி என்ன வேலைன்னு கேட்டிருந்துச்சு. "பஸ் டிரைவர்"னு கொட்டை எழுத்துல எழுதிக் குடுத்தேன். நூலகத்தம்மா அதை வாசல் பலகையில ஒட்டி வச்சிருக்கு. போறவ வர்றவ எல்லாம் நின்னு பாக்குறாளுங்க. உங்க அப்பா அம்மா இருந்து பாக்கலையேன்னு இருந்துச்சு. அவங்களுக்கும் சேத்து நானே பாத்துட்டு வந்தேன்.

உடனே பதில் போடு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அத்தை


மே 14

அன்புள்ள அத்தை,

நான் நலம். முதுகு வலி இப்போது இல்லை. மாமாவின் காதைப் பற்றிக் கவலை வேண்டாம், அது என் சிறு வயதிலேயே அப்படித்தான்.

ஜோடியாக இருக்கச் சம்மதம். இந்த ஊரிலும் நல்ல நூலகம் இருக்கிறது, என் அறையிலிருந்து நடந்தே போகலாம். இப்போது படிக்க நேரம் கிடைக்கிறது.

ஒன்றே ஒன்று. அந்தப் பலகையில் "பஸ் டிரைவர்" என்று இருப்பதை எடுத்துவிடச் சொல்லுங்கள். மருமகள் என்று மட்டும் இருந்தால் போதாதா? எதற்கு அத்தை அதெல்லாம்.

நீங்கள் என்ன புத்தகம் எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். வழக்கம் போலக் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படித்திருப்பீர்கள்.

உங்கள் பம்பரம்


மே 19

கண்ணு,

மாமாவும் நானும் சுகம், நீயும் அப்படியே இருக்க வேண்டிக்கிறேன். கடிதம் கிடைச்சுது. கடுகு மாதிரி இருக்கு, அடுத்ததுக்கு ரெண்டு பக்கமாவது எழுது. பலகையில இருந்து எடுக்கச் சொல்லியிருக்க. கூச்சம் என்னடி கூச்சம்? எங்க தெருவுல பொம்பளைங்க பஸ்ஸுல ஏறத்தான் செஞ்சிருக்காளுங்க, எவ ஓட்டியிருக்கா? சரி, நீ சொன்னதுக்காக அந்த ரெண்டு வார்த்தை மேல ஒரு காகிதத்தை ஒட்டிட்டேன். ஆனா காகிதம் மெலிசு. உத்துப் பாத்தா தெரியும்.

ஆமா, கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல படிக்கிறேன். அதுல என்ன தப்பு? ஒருத்தர் பொழைப்பாரா மாட்டாரான்னு தெரியாம முந்நூறு பக்கம் பதறிக்கிட்டு இருக்க என் உடம்புல தெம்பு இல்ல. பொழைச்சுட்டார்னு தெரிஞ்சுட்டா, அப்புறம் நிம்மதியா அவர் படுற கஷ்டத்தை எல்லாம் படிக்கலாம்.

இந்தத் தடவை அதுலதான் வினை. கடல் கதையா கலங்கரை விளக்கம் காக்குற ஒரு மனுஷனைப் பத்தின புத்தகம் எடுத்தேன். பாவம், ஒண்டிக்கட்டை, நெஞ்சுல சளி, புயல் வேற. கடைசிப் பக்கத்தைத் திருப்புனா யாரோ கிழிச்சுட்டுப் போயிருக்காங்க! எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. வெள்ளிக்கிழமை பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போனப்ப, "யாருக்காவது வேண்டணுமா?"ன்னு கேட்டாங்க. என் வாய் சும்மா இருக்குமா? "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், கடலோரத்துல தனியா இருக்கார், நெஞ்சு சளி, பாக்க நாதி இல்ல"ன்னு சொல்லிட்டேன். இருபது பொம்பளைங்களும் கண்ணை மூடி உருகி உருகி வேண்டுனாங்க. மருந்துக்கடை அக்கா அழுதே போச்சு.

புத்தகத்து ஆளுன்னு அப்பவே சொல்லியிருக்கணும். எப்படிச் சொல்றது, அவங்க அழுதுகிட்டு இருக்கறப்ப?

அடுத்த வெள்ளிக்கிழமை, "அவருக்கு எப்படி இருக்கு?"ன்னு கேட்டாங்க. "பரவால்ல, எழுந்து உக்காந்துட்டார்"னேன். அதுக்குள்ள நான் நூறாவது பக்கம் வந்திருந்தேன், நெஜமாவே எழுந்து உக்காந்திருந்தார். மருந்துக்கடை அக்கா மறுநாளே வீட்டுக்கு வந்துருச்சு, கையில கம்பளிப் போர்வை, இருமல் மருந்து. "விலாசம் குடு, அனுப்பி வைக்கிறேன்"னு நிக்குது. உங்க மாமா வாசல்ல இருக்கற பூட்டுக்கடையில சாவி அராவிக்கிட்டே, "விலாசமா? நூலகம், மூணாவது அலமாரி, மேல் தட்டு"ன்னார். இந்தக் காது மந்தமான மனுஷனுக்கு எப்ப எது கேக்கும்னு எனக்கு இன்னும் பிடிபடல.

அக்கா ரெண்டு நாள் பேசல. அப்புறம் வந்து, "அந்த ஆளு பொழைச்சானா இல்லையா? அதை மட்டும் சொல்லு"ன்னுச்சு. பொழைச்சுட்டார்டி. வேற நூலகத்துல இருந்து வேற பிரதி வரவழைச்சு நூலகத்தம்மா கடைசிப் பக்கத்தைக் காட்டுச்சு. எங்க வேண்டுதல் வீண் போகல.

நீ என்ன படிக்கிற? அஞ்சாவது கட்டம் உன் கையில இருக்கு.

அத்தை


ஜூன் 7

அன்புள்ள அத்தை,

பதில் தாமதம், மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து அறைக்காரி கதவைத் தட்டி, "என்ன ஆச்சு?" என்று கேட்டாள். என் சிரிப்பை அவள் கேட்டு நாளாகிவிட்டதாம்.

ஐந்தாவது கட்டத்துக்கு நான் ஒரு கதை சொல்கிறேன். பழைய புத்தகக் கடையில் கிடைத்தது, அட்டை இல்லை, தலைப்பும் தெரியவில்லை. ஒரு பெண் ஆற்றில் படகு ஓட்டுகிறாள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களை ஏற்றிப் போகிற படகு. அந்தத் துறையில் அதுவரை ஆண்கள்தான் ஓட்டினார்கள். முதல் நாள் இவளைப் பார்த்ததும் இரண்டு பேர் ஏறாமலே நின்றுவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து அதே இரண்டு பேர், இவள் படகு வரும்வரை மற்றதில் ஏறாமல் காத்திருந்தார்கள். அவளுக்கு அந்த வேலை மிகவும் பிடிக்கும். காலையில் யாரும் ஏறுவதற்கு முன் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்து தட்டிக் கொடுப்பாள்.

இதுவரைதான் படித்திருக்கிறேன். மாமாவிடம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பம்பரம்


ஜூன் 11

கண்ணு,

எல்லாரும் சுகம். வெயில்தான் ஆளை வறுக்குது. உன் படகுக்காரி எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. முதல் தடவை சத்தமாப் படிச்சேன், மாமா கேக்காத மாதிரி சாவி அராவிக்கிட்டு இருந்தார். முடிச்சதும், "அவ்வளவுதானா?"ன்னார். "இன்னும் அவ படிக்கலையாம்"னேன். "மத்த வேலையை விட்டுட்டு வேகமா படிக்கச் சொல்லு"ன்னு அதட்டுறார்! முப்பது வருஷமா அந்த மனுஷன் செய்தித்தாளைத் தவிர எதையும் தொட்டதில்ல.

நூலகத்தம்மாகிட்ட அந்தப் புத்தகத்தைக் கேட்டேன். நான் தேடுறதே கடைசிப் பக்கத்துக்குத்தான்னு அதுக்குத் தெரியும், ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு நாள் முழுக்கத் தேடுச்சு. கம்ப்யூட்டர்ல பாத்துச்சு, பெரிய நூலகத்துக்குப் போன் போட்டுச்சு. அப்படி ஒரு கதையே எங்கயும் இல்லங்குது. "தலைப்பாவது கேளுங்கம்மா"ங்குது. கடையில விசாரிச்சு எழுது.

மத்தபடி துப்பறியிற கதை முடிச்சுட்டேன். கொலைகாரன் யாருன்னு கடைசிப் பக்கத்துலயே தெரிஞ்சுக்கிட்டதால, அவன் வர்ற பக்கமெல்லாம் அவனைத் திட்டிக்கிட்டே படிச்சேன். மூணு கட்டத்துல முத்திரை விழுந்தாச்சு. ஆறாவதைப் பத்தி மட்டும் பேசாத.

அவளுக்கு என்ன ஆச்சு? சீக்கிரம் எழுது.

அத்தை


ஜூன் 20

அன்புள்ள அத்தை,

நலம். நீங்களும் மாமாவும் வெயிலில் அலைய வேண்டாம்.

கடைக்காரருக்கும் தலைப்பு தெரியவில்லை. கதை இப்படிப் போகிறது.

ஒரு மாலை. படகு நிறையக் கூட்டம். கரை நெருங்குகிறது. எப்போதும் அவசரப்படுகிற ஒரு பெரியவர் உண்டு. படகு நிற்பதற்கு முன்பே குதிப்பார், அவளும் எத்தனையோ தடவை, "உக்காருங்கய்யா, நின்னதும் இறங்கலாம்" என்று சொல்லியிருக்கிறாள். அன்றும் அவள் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். யாரும் இல்லை. மறுபடி பார்ப்பதற்குள் அவர் குதித்துவிட்டார். கீழே விழுந்து கால் முறிந்தது. அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டது.

உயிருக்கு ஆபத்தில்லை. உன் தவறில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் விசாரணை முடியும்வரை படகைத் தொடக் கூடாது என்று படகுக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவள் அறையில் இருக்கிறாள். அவளைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுகிற ஓர் உறவு அவளுக்கு உண்டு. அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இவ்வளவுதான் இந்த அத்தியாயம்.

பம்பரம்


ஜூலை 5

பம்பரம்,

சுகம்தான். பதில் எழுத நாளாயிருச்சு, கோவிச்சுக்காத.

மாமாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். ஒண்ணு கேட்டார். அதை அப்புறம் சொல்றேன். அன்னைக்கு அதுக்கப்புறம் அவர் கடையைத் திறக்கல.

அந்தப் பொண்ணு சாப்பிடுறாளா? சமைக்கிறாளா, இல்ல டீயை மட்டும் குடிச்சுட்டுப் படுத்துக்கிறாளா? பக்கத்து அறையில யாரோ இருக்காங்கன்னியே, அவங்க அப்பப்ப எட்டிப் பாக்குறாங்களா? இதெல்லாம் புத்தகத்துல போட்டிருக்கும், தேடிப் பாத்து எழுது.

வெள்ளிக்கிழமை கூட்டத்துல அவளுக்காக வேண்டிக்கச் சொன்னேன். மருந்துக்கடை அக்கா உஷாராகி, "இரு இரு, இவ நெஜ ஆளா புத்தகத்து ஆளா? முதல்ல அதைச் சொல்லு"ன்னுச்சு. "புத்தகத்து ஆளுதான்"னேன். "அதனால என்ன, போன தடவை பலிச்சுதே"ன்னு சொல்லி எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டாங்க. அன்னைக்கு நான்தான் அழுதேன். அவங்களுக்கு ஏன்னு தெரியாது.

கடைசிப் பக்கத்துல என்ன இருக்கு? அதை மட்டும் எழுதிடு. நடுவுல இருக்கறதை அப்புறம் சொல்லிக்கலாம்.

அத்தை


ஜூலை 14

அன்புள்ள அத்தை,

அவள் சாப்பிடுகிறாள். பக்கத்து அறைக்காரி ரொட்டி கொண்டுவந்து வைக்கிறாள், அவள் தின்கிறாளா என்று நின்று பார்த்துவிட்டுப் போகிறாள். கவலைப்பட வேண்டாம்.

விசாரணை முடிந்துவிட்டது. அவள் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மறுபடி ஓட்டலாம். ஆனால் முதலில் ஒரு மூத்தவர் பக்கத்தில் நிற்க ஒரு நடை ஓட்டிக் காட்ட வேண்டும். அதற்கு அவள் போகவில்லை. ஒரு தடவை போனாள், உட்கார்ந்தாள், அப்படியே இறங்கி வந்துவிட்டாள். ஓட்ட விருப்பம் இல்லையென்றால் ஜன்னலில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கும் வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஜன்னல் வேலையில் யாருக்கும் கால் முறியாது. அவள் ஒத்துக்கொள்வாள் என்றுதான் தோன்றுகிறது.

கடைசிப் பக்கம் இந்தப் பிரதியில் இல்லை, அத்தை.

பம்பரம்


ஜூலை 18

என் கண்ணு,

படகுல பக்கக் கண்ணாடி எங்கடி இருக்கு?

மாமா அதைத்தான் கேட்டார். நான் பாட்டுக்குப் படிச்சுக்கிட்டே போறேன், அவர் அரத்தைக் கீழ வச்சுட்டு, "நில்லு. படகுக்கு எதுக்குடி கண்ணாடி?"ன்னார். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தோம். அன்னைக்கே போன் போட இருந்தேன், மாமா தடுத்துட்டார். "அவ எந்த வழியா வர்றாளோ அந்த வழியாவே வரட்டும், நாம குறுக்க நிக்க வேணாம்"னு சொல்லிட்டார். அதான் சுத்தி வளைச்சு எழுதுனேன். எனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு நெனச்சுப் பாரு.

ஜன்னல் வேலைக்குப் போறதும் ஓட்டுறதும் உன் இஷ்டம். பலகையில நான் எழுதுனதை நெனச்சு நீ எதையும் முடிவு பண்ணக் கூடாது, சொல்லிட்டேன். டிக்கெட் கிழிச்சாலும் நீ எனக்குப் பம்பரம்தான், பலகையில "டிக்கெட்"னு கொட்டை எழுத்துல எழுதிடுவேன்.

ஆனா எனக்கு ஒரு காரியம் ஆகணும். அஞ்சு கட்டத்துல முத்திரை விழுந்தாச்சு. ஆறாவது நிக்குது. மாசக் கடைசியோட சவால் முடியுது. மருந்துக்கடை அக்காவும் சேந்து, அது ஆறையும் முடிச்சுட்டு என்னைப் பாத்துப் பாத்துச் சிரிக்குது. நம்ம ஊர் பஸ்ஸுல நாலு தடவை ஏறிப் பாத்துட்டேன், கண்ணு மூடிக்கிது, புத்தகம் மடியில கெடக்குது. ஓட்டுறவன் யாரு எவருன்னே தெரியாம எப்படிக் கண்ணைத் திறக்கிறது? தெரிஞ்ச ஆள் ஓட்டுனா ஒருவேளை திறக்கும். எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்திதான். அவளும் ஓட்டுவாளா மாட்டாளான்னு தெரியல.

அதனால நான் வர்றேன். இருபத்தெட்டாம் தேதி ரயில். மாமா வரல, கடையைப் பாத்துக்கணுமாம், நெஜம் என்னன்னா அங்க வந்து அழுதுருவார். நீ ஓட்டாட்டியும் பரவால்ல, உன் அறையில உக்காந்து பேசிட்டு வந்துர்றேன். கட்டம் காலியா இருந்தா இருந்துட்டுப் போகுது. அக்கா சிரிச்சா சிரிக்கட்டும்.

கடைசிப் பக்கத்தை எல்லாம் தேடாத. அது யார்கிட்டயும் இல்ல.

அத்தை


ஜூலை 23

அத்தை,

உங்கள் கடிதத்தை டிப்போவின் வாசலில் நின்று படித்தேன். ஏன் அங்கே போனேன் என்று தெரியவில்லை.

நேற்று அந்தப் பெரியவரைப் பார்க்கப் போனேன். இத்தனை நாள் போகவில்லை. காலில் கட்டு, மேலே தலையணை. அவரைப் பார்த்ததும் நான் அழுதேன். அவர் கோபித்துக்கொண்டார். "குதிச்சது நானு, நீ எதுக்கும்மா அழுவுற?" என்றார். உள்ளிருந்து அவர் மனைவி, "நல்லா கேளும்மா. பஸ் நிக்கட்டும்னு இருபது வருஷமா சொல்றேன். நீயாவது சொல்லு, இனிமேலாவது கேக்குறாரான்னு பாப்போம்" என்று சத்தம் போட்டார். டீ கொடுத்தார்கள். மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

சொல்லாமல் இருந்ததற்குத் திட்ட வேண்டுமானால் நேரில் திட்டுங்கள். ஸ்டேஷனுக்கு வருகிறேன். மீசைக்காரரிடம் பேசிவிட்டேன், அவர்தான் பக்கத்தில் நிற்கப் போகிற மூத்தவர். இருபத்தொன்பது காலை, பதினேழாம் நம்பர். "பயணிகள் இருப்பாங்க, தெரியும்ல?" என்றார். "ஒருத்தர் எங்க அத்தை" என்றேன்.

கண்ணைத் திறக்க முடியவில்லை என்றால் மூடிக்கொள்ளுங்கள். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

பம்பரம்


ஆகஸ்ட் 9

கண்ணு பம்பரம்,

நல்லபடியா வந்து சேந்தேன். மாமா சுகம். நான் இல்லாத நாள்ல ஒரே பாத்திரத்துல சமைச்சு அதுலயே சாப்பிட்டிருக்கார், அதைப் பெருமையா வேற சொல்றார். உன் தபால் அட்டை நேத்து வந்துச்சு. "ஜன்னல் வேலை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்"னு ஒரே வரி. மாமா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, கடையில பெரிய பூட்டு தொங்குற ஆணியில மாட்டி வச்சுட்டார்.

நீ முன்னால பாத்துக்கிட்டு ஓட்டுன. பின்னால என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. நான் சொல்றேன் கேளு.

நான் மூணாவது வரிசையில உக்காந்தேன். மீசைக்காரர் உன் பக்கத்துல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னார், முகத்தைக் கடுகடுன்னு வச்சிருந்தார். ஆனா வண்டி முதல் ஸ்டாப்பைத் தாண்டுனதும் அவர் கம்பியை விட்டுட்டார்டி. கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்க ஆரம்பிச்சுட்டார். எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு.

ஒவ்வொரு ஸ்டாப்லயும் நீ முழுசா நிறுத்தி, எல்லாரும் இறங்கி நடக்குற வரைக்கும் காத்திருந்த. டை கட்டுன ஒருத்தன் பின்னால இருந்து, "இன்னைக்கு வண்டிக்குத் தூக்கமா?"ன்னு கேட்டான். நான் திரும்பி, "தம்பி, அவங்களுக்கு ஆளுக்கு ரெண்டு கால்தான் இருக்கு, ஒடிஞ்சா உன்னதைத் தருவியா?"ன்னேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான். பக்கத்துல இருந்த பொம்பளை, "ஓட்டுறது யாருங்க, உங்க பொண்ணா?"ன்னா. "அண்ணன் பொண்ணு. எனக்கும் பொண்ணுதான்"னேன்.

அந்தத் தபாலாபீஸ் ஸ்டாப் வந்துச்சு. அதுதான் அந்த இடம்னு நீ சொல்லியிருந்த. உன் தலைக்கு மேல இருக்கற கண்ணாடியில உன் கண்ணு மட்டும் எனக்குத் தெரிஞ்சுது. நீ அந்தப் பக்கத்தைப் பாத்த, இந்தப் பக்கத்தைப் பாத்த, மறுபடி அந்தப் பக்கம் பாத்த. கடைசியா ஒரு கெழவி தடவித் தடவி இறங்குச்சு. அது நடைபாதையில காலை வச்சு, பையைச் சரி பண்ணிக்கிட்டு, நாலடி போச்சு. அப்புறம்தான் கதவை மூடுன. மீசைக்காரர் அப்ப உன்னைப் பாக்கவே இல்ல, வெளிய ஏதோ கடையைப் பாத்துக்கிட்டு இருந்தார். வேணும்னேதான் பாக்கலன்னு நெனைக்கிறேன். நல்ல மனுஷன்.

பதினேழாம் நம்பர் இன்னும் கொஞ்சம் நீளமாப் போயிருக்கலாம். ஸ்டாப்புக்கு ஸ்டாப் நடுவுலயே புத்தகத்துல அறுபது பக்கம் ஓடுச்சு. நூலகத்தம்மாகிட்ட டிக்கெட்டையும் புத்தகத்தையும் காட்டுனேன், நாள் தாண்டிருச்சுன்னு அக்கா குறுக்க வந்துச்சு. "டிக்கெட்டுல தேதி போட்டிருக்கு பாருங்க"ன்னு சொல்லி நூலகத்தம்மா ஓங்கிக் குத்துச்சு, மேசையே ஆடிப் போச்சு. ஆறும் முடிஞ்சுது. பலகையில ஒட்டுன காகிதத்தையும் பிச்சுட்டேன், இனிமே நீ என்ன சொன்னாலும் கேக்க மாட்டேன்.

உன் பஸ்ஸுல படிச்ச அந்தப் புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் இன்னும் பாக்கல. மாமாவும் நானும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி நாலு நாலு பக்கமாப் படிக்கிறோம். நான் முன்னாடியே பாக்கக் கூடாதுன்னு அவர் கண்டிஷன் போட்டிருக்கார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துல, "அந்தப் படகுக்காரி என்ன ஆனா?"ன்னு கேட்டாங்க. "ஓட்டுறா"ன்னேன். எல்லாரும் கும்பிட்டுக்கிட்டாங்க. புத்தகத்து ஆளுக்கு இவ்வளவு சந்தோஷப்படுறவங்ககிட்ட நெஜ ஆளுன்னு சொன்னா தாங்குவாங்களா? நீ லீவுல வர்றப்ப நீயே சொல்லிக்கோ.

பக்கத்து அறைப் பொண்ணைக் கேட்டதாச் சொல்லு. பெரியவர் வீட்டுக்கு ஒரு நடை போயிட்டு வா. வேளைக்குச் சாப்பிடு.

உன் அத்தை

கவரை ஒட்டப் போனேன், இப்பத்தான் எனக்கே ஞாபகம் வருது. ரயில்ல போறப்பவும் வர்றப்பவும் கண்ணை இறுக்க மூடிக்கிட்டுச் சாமி பேரைச் சொல்லிக்கிட்டே வந்தவ, உன் பஸ்ஸுல ஏறுனதுலேர்ந்து இறங்குற வரைக்கும் ஒரு தடவை கூட அவரைக் கூப்பிடல.